கேளுங்கள், உருக்கிப் பார்ப்போம்: இந்த முறை டை காஸ்டிங்

டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை டை எனப்படும் உலோக அச்சில் வார்ப்பது, அது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் ஒரு வரிதான் போட்டோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல், மெஷின் சரியில்லை என்பது. மெஷின் பாவம், அதை விடுங்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் பத்துத் தொல்லைகளை எடுத்தால் ஏழெட்டு சூட்டினால் வருபவை. டை என்பது உலோகத்துக்கு வடிவம் கொடுக்கிற பெட்டி என்று எல்லோரும் நினைக்கிறோம். அது உலோகத்திடமிருந்து சூட்டைப் பிடுங்குகிற கருவி, வடிவம் கொடுப்பது அதோடு சேர்ந்து நடக்கிற வேலை. கீழே உள்ள பதில்களில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், கிராவிட்டி டை, லோ பிரஷர், ஹை பிரஷர் மூன்றையும் டை காஸ்டிங் என்றே சொல்கிறார்கள். வித்தியாசத்தை மனப்பாடம் செய்துவிட்டேன், புரியத்தான் இல்லை.
— மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவி

மனப்பாடத்தை மறந்துவிடுங்கள். உலோகம் உள்ளே எப்படிப் போகிறது, எவ்வளவு அவசரமாகப் போகிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். மூன்றிலும் டை உலோகத்தால் ஆனது, ஒரு முறை ஊற்றியதும் உடைத்துப் போடுகிற மணல் அச்சு அல்ல. அந்த ஒற்றுமைக்காகத்தான் ஒரே பெயர்.

கிராவிட்டியில் கரண்டியால் ஊற்றுகிறோம், உலோகம் தன் எடையாலேயே இறங்குகிறது. நிதானமாகப் போவதால் காற்று வெளியேற நேரம் கிடைக்கும், உள்ளே மணல் கோர், அதாவது குழி உண்டாக்கும் உள்அச்சு, வைக்கலாம், வளைந்து நெளிந்த குழிகளை எடுக்கலாம். ஆனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே உறைந்துவிடும். லோ பிரஷரில் உலை டைக்குக் கீழே மூடிய நிலையில் இருக்கும். உலையிலுள்ள உலோகத்தின் மேல் காற்றழுத்தம் கொடுப்பார்கள், அதுவும் 1 பாருக்குள்தான் (பார் என்பது அழுத்த அளவு). உருகிய அலுமினியம் ஒரு குழாய் வழியாக அலுங்காமல் மேலே ஏறும். டையின் தூர முனையில் தொடங்கிக் குழாய் வாயில் கடைசியாக உறையும்படி சூட்டை வைத்திருப்பார்கள், உறையும்போது சுருங்குகிற இடத்துக்குக் கீழேயிருந்து உலோகம் வந்துகொண்டே இருக்கும். கார் அலாய் வீல்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

ஹை பிரஷர் வேறு ஜாதி. பிளஞ்சர் எனப்படும் உந்துதண்டு தள்ளுகிற வேகத்தில் அலுமினியம் கேட் என்ற குறுகிய வாய் வழியாக நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் பாயும். 40 மீட்டர் என்று வைத்தாலே மணிக்கு 144 கிலோமீட்டர். டை நிரம்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. ஏன் இவ்வளவு அவசரம்? 2 மி.மீ. சுவரில் உலோகம் உறைவதற்குள் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமே, அதற்குத்தான். அந்த அவசரத்துக்குக் கொடுக்கிற விலை, உள்ளே இருந்த காற்றையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்வது. வெறுமனே டை காஸ்டிங் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள், இனி வரும் பதில்களும் இதைப் பற்றியவை.

ஜிங்க் போடும் ஹாட் சேம்பர் மெஷின் எங்களிடம் சும்மா நிற்கிறது. அதில் அலுமினியம் ஓட்டினால் என்ன?
— ஒரு சிறு தொழில் முனைவர்

ஓட்டலாம், சில நாள். அப்புறம் மெஷினின் உள்ளுறுப்பையே அலுமினியம் தின்றுவிட்டிருக்கும்.

ஹாட் சேம்பரில் பிளஞ்சரும் கூஸ்நெக் எனப்படும் வளைகுழாயும் உருகிய உலோகத்துக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். ஜிங்க் அலாய் (துத்தநாகக் கலவை) 380 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே உருகிவிடும், 420 வாக்கில் வைத்து ஓட்டுவோம், அந்தச் சூட்டில் இரும்பை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அலுமினியம் 650க்கு மேல். அதைவிட முக்கியம், உருகிய அலுமினியத்துக்கு இரும்பைக் கரைத்துக்கொள்ளும் குணம் உண்டு. சர்க்கரைப் பாகில் கரண்டியைப் போட்டு வைப்பது வேறு, தேநீரில் வெல்லக் கட்டியைப் போட்டு வைப்பது வேறு. அதனால்தான் கோல்ட் சேம்பர்: உலை தனியாக நிற்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை வார்ப்பதற்கும், அளந்து எடுத்து ஷாட் ஸ்லீவ் என்ற உருளைக்குள் ஊற்றி, உடனே தள்ளிவிட வேண்டும். இரும்பும் அலுமினியமும் உறவாடும் நேரம் சில நொடிதான். பித்தளையும் கோல்ட் சேம்பர்தான். மெக்னீசியம் மட்டும் இரண்டிலும் ஓடும், அதற்கு இரும்பைக் கரைக்கும் பழக்கம் கிடையாது, எஃகுப் பாத்திரத்திலேயே உருக்குகிறார்கள்.

ஜிங்கிலேயே அலுமினியம் கூடுதலாகக் கலந்த ரகங்கள் இருக்கின்றன. இசட்.ஏ. 8 ஹாட் சேம்பரில் ஓடும், இசட்.ஏ. 12, இசட்.ஏ. 27 இரண்டும் கோல்ட் சேம்பருக்குத்தான் போக வேண்டும். ஜிங்க் தானே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இந்த ஹாட் சேம்பர் யோசனை அச்சகத்திலிருந்து வந்தது. அச்செழுத்து வார்க்கக் கையால் இயக்கும் இயந்திரத்துக்கு 1849லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 1886ல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓட்டம் விட்ட லைனோடைப் இயந்திரமும் ஈயக் கலவையை உருக்கிப் பம்ப் செய்து ஒரு வரியை அப்படியே வார்த்துத் தள்ளியது. நம் மொழியில் புத்தகம் அடிப்பதும் அச்சு, வார்ப்பதும் அச்சு. நமக்கு இது புதுச் செய்தியே இல்லை பாருங்கள்.

எந்த டன் மெஷினில் என் டை ஏறும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.
— டை டிசைன் பழகும் இளைஞர்

மெஷினின் டன் என்பது டையை மூடிப் பிடிக்கும் விசை. டை பிரியும் திசையிலிருந்து நேராகப் பார்த்தால் உலோகம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அந்த நிழல் பரப்பு உங்களுக்கு வேண்டும். பொருளின் பரப்பு மட்டும் போதாது, உலோகம் ஓடிவரும் ரன்னர், வழிந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ, பிளஞ்சருக்கு முன்னால் மிஞ்சும் பிஸ்கட் எல்லாம் சேர வேண்டும். ஆளாளுக்கு ஒரு எண் வருவது இங்கேதான், ஒருவர் ரன்னரைச் சேர்ப்பார், இன்னொருவர் மறந்துவிடுவார்.

பொருள் 300 சதுர செ.மீ., மற்றவை 120, மொத்தம் 420 என்று வையுங்கள். கடைசியில் உலோகத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 700 கிலோ என்றால் 420ஐ 700ஆல் பெருக்குங்கள், 2,94,000 கிலோ. அதாவது 294 டன் விசை டையைப் பிளக்கப் பார்க்கிறது. இருபது சதவீதம் கூடுதலாக வைத்தால் 353. ஆக 350 டன் மெஷினில் விளிம்பில் நிற்கிறீர்கள், நானாக இருந்தால் அடுத்த அளவுக்குப் போய்விடுவேன். பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு என்ற டைப் பகுதி இருந்தால் அதன் மேல் விழும் அழுத்தம் பூட்டும் ஆப்பு வழியாக டையைத் திறக்கும் திசைக்கும் திரும்பும், அதையும் சேர்க்க வேண்டும். பொருள் டையின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் மெஷினை இறுக்கிப் பிடிக்கும் நான்கு தூண்களில் (டை பார், tie bar) ஒன்று மட்டும் கூடுதல் சுமை வாங்கும், மொத்த டன் சரியாக இருந்தும் ஒரு மூலையில் மட்டும் உலோகம் பிதுங்கி ஃப்ளாஷ் அடிக்கும். மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

புது டை, 20 ஆயிரம் ஷாட்கூட ஆகவில்லை, கேட்டுக்கு எதிரே சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. ஸ்டீல்காரர் ஹீட் ட்ரீட்மெண்ட்காரரைச் சொல்கிறார், அவர் டூல் ரூமைச் சொல்கிறார். யாரைப் பிடிப்பது?
— டை பராமரிப்பில் இருப்பவர்

மூன்று பேரையும் பிடிக்கலாம், கூடவே உங்கள் ஸ்ப்ரே ஆளையும் பிடிக்க வேண்டியிருக்கும்.

அலுமினியத்துக்கு நல்ல டை ஒரு லட்சம் ஷாட்டைத் தாண்ட வேண்டும். ஜிங்க் என்றால் பத்து லட்சம்கூட ஓடும், பித்தளை என்றால் சில பத்தாயிரத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். உலோகம் ஒன்றுக்கொன்று மாறியதும் ஆயுள் இப்படித் தலைகீழாக மாறுவதற்குக் காரணம் சூடு ஒன்றுதான். ஒவ்வொரு ஷாட்டிலும் டையின் மேல்தோல் சட்டென்று 500 டிகிரி பக்கம் போகிறது, ஒரு செ.மீ. உள்ளே இருக்கும் எஃகு 200 சொச்சத்திலேயே நிற்கிறது. மேல்தோல் விரியப் பார்க்கும், உள்ளே இருப்பது விடாது, தோல் நசுங்கும். பொருளை எடுத்ததும், அடுத்தது ஒட்டாமலிருக்கத் தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட்டை ஸ்ப்ரே அடிக்கிறோம், தோல் சட்டென்று சுருங்கப் பார்க்கும், அப்போதும் உள்ளே இருப்பது விடாது, இப்போது தோல் இழுபடும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதேதான், ஆயிரக்கணக்கான முறை. ஹீட் செக்கிங் என்று சொல்வது இதைத்தான். எந்த டையிலும் இது ஒரு நாள் வந்தே தீரும். எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

20 ஆயிரத்திலேயே வந்ததென்றால் நான் முதலில் பார்ப்பது காலை ஷிஃப்ட்டை. குளிர்ந்த டையை மாட்டி, நேரமாகிவிட்டது என்று நேராக ஷாட் அடித்தே சூடாக்குகிறார்களா? அந்த முதல் சில ஷாட்கள் செய்யும் சேதத்தை மீதி நாள் முழுக்க ஓட்டினாலும் செய்ய முடியாது. எஃகு குளிர்ந்திருக்கும்போது அதற்கு நெகிழ்வு குறைவு, மேலுக்கும் உள்ளுக்கும் சூட்டு வித்தியாசம் மிக அதிகம். 150க்கு மேல் சூடாக்கிவிட்டுத்தான் உலோகத்தைக் காட்ட வேண்டும். எண்ணெய்ச் சூடேற்றி இருந்தால் நல்லது, உள்ளேயிருந்து சீராகச் சூடேறும். கேஸ் பர்னரை ஒரே இடத்தில் நீட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது சூடேற்றல் அல்ல.

அடுத்து ஸ்ப்ரே. டையைக் குளிர்விக்கிற வேலை உள்ளே ஓடும் தண்ணீர்ப் பாதையுடையது. அது அடைத்துக் கிடந்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்? வெளியே ஸ்ப்ரேயை நீட்டிப் பிடிப்பார், அவருக்குப் பொருள் ஒட்டாமல் வந்தால் போதும். அது ஒவ்வொரு முறையும் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதுதான். தண்ணீர்ப் பாதைக்குள் படியும் சுண்ணாம்பு 1 மி.மீ. இருந்தாலே சூடு கடத்துவது வெகுவாகக் குறைந்துவிடும், எப்போது கடைசியாகச் சுத்தம் செய்தீர்கள் என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டூல் ரூமுக்கு வாருங்கள். பொருளின் வடிவக் குழியான கேவிட்டியை ஸ்பார்க் எரோஷனில், அதாவது மின்பொறியால் அரித்து, எடுத்திருப்பார்கள். அது எஃகின் மேல்தோலை உருக்கி மீண்டும் உறைய விடும், கண்ணுக்குத் தெரியாத நுண் வெடிப்புகளோடு கடினமான ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சும். அதைத் தேய்த்து எடுக்காமல், அப்புறம் உள் இறுக்கம் தளரச் சூடாக்கும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யாமல் டையை மாட்டினால் வெடிப்புக்கு விதையை நீங்களே போட்டுவிட்டீர்கள். ஹீட் ட்ரீட்மெண்ட்காரரிடம் கடினம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். டைக்குப் பயன்படும் ஹெச் 13 எஃகில் ராக்வெல் சி என்ற கடின அளவில் 44 முதல் 48 வரை யாரும் கொண்டுவந்துவிடலாம். குளிர்விக்கும்போது மெதுவாக விட்டிருந்தால் கடினம் அதே எண்ணைக் காட்டும், உடையாமல் தாங்கும் தன்மை போயிருக்கும். கூடவே வெந்த சோதனைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

நேர் சுவர் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடிக்கிறார். டிராஃப்ட், அதாவது சுவரின் சாய்வு, இல்லாமல் முடியுமா?
— டிசைனர்

முடியாது. அலுமினியம் உறைந்து ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கி, கோரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள் சுவருக்கு வெளிச் சுவரைவிட இரண்டு மடங்கு சாய்வு கொடுங்கள், அது பிடித்துக்கொள்கிற பக்கம். நேராகவே வேண்டுமென்றால் அந்த முகத்தை மட்டும் மெஷினிங்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டையிலிருந்து வெளியே தள்ளும் எஜெக்டர் பின் பட்ட இடத்தில் பொருள் குழிந்து வருகிற படம் ஒன்றை அவருக்கு அனுப்பினால் பிடிவாதம் குறையும்.

அண்ணா, வெளியே பளபளவென்று வருகிறது, மெஷின் ஷாப்பில் டிரில் போட்டதும் உள்ளே ஓட்டை. வெளியே ஒன்றும் தெரியவில்லை, எப்படி அனுப்பினாய் என்று என்னைத்தான் திட்டுகிறார்கள். அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை.
— அப்ரன்டிஸ்

தம்பி, அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு பொருளை அறுத்துப் பார்த்திருக்கலாமே. ஓட்டை இரண்டு வகை, மருந்தும் இரண்டு. மாற்றிக் கொடுத்தால் குணமாகாது.

பூதக்கண்ணாடியில் பார். குமிழ் மாதிரி உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக இருந்தால் அது வாயு. பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி, ஓரமெல்லாம் சொரசொரப்பாக இருந்தால் அது சுருக்கம். அலுமினியம் திரவத்திலிருந்து திடமாகும்போது கிட்டத்தட்ட 6 சதவீதம் கொள்ளளவு குறைகிறது, அந்தக் குறைவு எங்காவது ஒரு இடத்தில் பள்ளமாக வந்து நிற்கத்தான் வேண்டும். தடிமனான இடம் கடைசியில் உறையும், பள்ளம் அங்கேதான் போய் உட்காரும். நீ டிரில் போடும் இடம் பெரும்பாலும் பாஸ் எனப்படும் தடித்த புடைப்புதான், இல்லையா?

வாயு என்றால் எங்கிருந்து வந்தது என்று தேடு. ஷாட் ஸ்லீவில் பாதி உலோகம், பாதி காற்று. பிளஞ்சர் முதல் கட்டத்தில் மெதுவாக நகர்ந்து உலோகத்தை கேட் வாய் வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும், காற்று முன்னால் ஓடிவிடும். ரொம்ப வேகமாகத் தள்ளினால் அலை மடிந்து காற்றை விழுங்கும். ரொம்ப மெதுவாகத் தள்ளினாலும் அலை முன்னே ஓடி முட்டித் திரும்பி வந்து அதையே செய்யும், அதோடு ஸ்லீவிலேயே உலோகம் உறையத் தொடங்கும். வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரிதான் இது, ஒரு வேகத்தில் அலம்பாது, அதற்கு முன்னும் பின்னும் அலம்பும். மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறும் இடத்தை 10 மி.மீ. முன்பின் நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து பொருள் அறுத்துப் பார். அப்புறம் வென்ட், காற்று வெளியேறும் பாதை. 0.1 மி.மீ. கனம்தான் இருக்கும், ஃப்ளாஷ் போய் அடைத்துக்கொள்வதும் அதுதான், சுத்தம் செய்யாமல் விடுவதும் அதைத்தான். கடைசியாக உன் ஸ்ப்ரே: டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் அது ஆவியாகி உலோகத்துக்குள் குடியேறும். பிளஞ்சருக்கு எண்ணெய் தாராளமாக ஊற்றும் பழக்கம் இருந்தால் புகையும் சேரும். இத்தனைக்கும் பிறகுதான் வாக்குவம் சிஸ்டம் வாங்குவது பற்றிப் பேச வேண்டும். வென்ட்டை அடைத்து வைத்துக்கொண்டு வாக்குவம் மாட்டிய ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன், பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, டைக்குள் காற்றும் நன்றாக இருந்தது.

சுருக்கம் என்றால் அழுத்தம் உதவும், ஆனால் அழுத்தம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே? கேட் மெல்லியது. அது உறைந்துவிட்டால் பின்னாலிருந்து 1000 பார் கொடுத்தாலும் பாஸுக்கு ஒன்றும் தெரியாது, மூடிய கதவைத் தள்ளுகிற கதைதான். உன் கேஸ் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்கட் கனத்தைப் பார், ரொம்ப மெலிந்திருந்தால் கேட்டுக்கு முன்னால் பிஸ்கட் உறைந்துவிடும், அழுத்தம் அங்கேயே செத்துப்போகும். அது சரி என்றால் அந்தத் தடித்த இடத்தைக் குளிர்விக்க வழி தேடு. கோர் பின்னுக்குள் மெல்லிய குழாய் விட்டுத் தண்ணீர் பாய்ச்சலாம். உறையும் நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் குத்தி அழுத்துகிற ஸ்க்வீஸ் பின் வைக்கலாம். டிசைனர் நல்லவராக இருந்தால் பாஸின் நடுவே முன்கூட்டியே குழி வைத்துக் கனத்தைக் குறைத்துவிடுவார், செலவில்லாத மருந்து அதுதான்.

மெஷின் ஷாப்காரர்களிடமும் ஒன்று சொல். டை காஸ்டிங்கின் மேல்தோல்தான் அடர்த்தியானது, ஓட்டை எல்லாம் நடுவில்தான். அவர்கள் 2 மி.மீ. சீவினால் நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதைத் திறந்து வைக்கிறார்கள். அரை மி.மீ.க்குள் முடிகிற மாதிரி சீவலுக்கு விடும் கனம் (அலவன்ஸ்) இருக்க வேண்டும். எண்ணெயோ காற்றோ கசியக் கூடாத பொருள் என்றால் வாக்குவத்தில் பிசின் ஏற்றி அடைக்கும் இம்ப்ரெக்னேஷன் இருக்கிறது, தவறில்லை, பெரிய இன்ஜின் பாகங்களுக்கே செய்கிறார்கள். ஆனால் அது கசிவை மட்டும் அடைக்கும், பலம் தராது.

டை காஸ்டிங் பொருளை அனோடைஸ் செய்தால் (மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு ஏற்றினால்) ஏன் அழுக்கு நிறமாக வருகிறது? அப்படியே சூடாக்கிக் கடினப்படுத்தினால் கொப்புளம் ஏன்?
— மேற்பூச்சுத் தொழில் செய்பவர்

ஏடிசி 12 மாதிரி அலுமினிய அலாய் ரகங்களில் சிலிக்கான் பத்து சதவீதத்தைச் சுற்றி இருக்கும். ஓட்டத்துக்காகச் சேர்ப்பது, அனோடைஸில் ஆக்சைடாக மாறாமல் கருஞ்சாம்பலாகத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். நிறம் வேண்டும் என்றால் பவுடர் கோட்டிங் போடுங்கள். கொப்புளம், மேலே தம்பிக்குச் சொன்ன அதே வாயு. 500 டிகிரிக்குச் சூடாக்கியதும் உலோகம் இளகும், உள்ளே அடைபட்ட வாயு விரியும், பூரி மாதிரி எழும்பும். நல்ல வாக்குவத்தில் வார்த்ததைத்தான் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகலாம். பவுடர் கோட்டிங் சூளையைக்கூட அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள்.

ஆண்டுக்கு 2000 பொருள்தான் தேவை. ஹை பிரஷர் டை செய்யலாமா?
— பம்ப் உதிரிபாகம் செய்பவர்

வேண்டாம். டை செலவை 2000ஆல் வகுத்துப் பாருங்கள், தானாகவே புரியும். சுவர் 4 மி.மீ. தாங்கும் என்றால் கிராவிட்டி டைக்குப் போங்கள், டை எளிமையானது, உள்ளே மணல் கோரும் வைக்கலாம், வாயு குறைவு என்பதால் ஹீட் ட்ரீட்மெண்ட்டும் ஏற்கும், பம்ப்புக்கு அது பெரிய லாபம். டிசைன் இன்னும் முடிவாகவில்லை என்றால் முதல் ஐம்பதை மணல் வார்ப்பில் எடுத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எஃகில் வெட்டியதை அழித்து எழுத முடியாது. உலோகத்தைச் சீவி எடுக்கிற மாற்றம் எளிது, சேர்க்கிற மாற்றம் வெல்டிங், வெல்டிங் வைத்த இடத்தில்தான் முதல் வெடிப்பும் வரும். ஹை பிரஷர்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், பொதுவான ஒரு டை சட்டத்தில் உங்கள் கேவிட்டி இன்செர்ட்டை (செருகு துண்டை) மட்டும் மாட்டிக்கொள்கிற யூனிட் டை முறை இருக்கிறது, சின்னப் பொருளுக்குப் பொருந்தும்.

3டி பிரின்டிங் வந்த பிறகு டை செய்கிறவர்களுக்கு வேலை இருக்குமா?
— டூல் அண்ட் டை படிக்க நினைப்பவர்

இருக்கும், தைரியமாகப் படியுங்கள். லட்சம் பொருளைப் பிரின்ட் செய்துகொண்டு யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. பிரின்டிங் உள்ளே நுழைந்திருப்பது டைக்குள்ளேதான். டிரில் நேராகத்தான் போகும், அதனால் தண்ணீர்ப் பாதையும் நேர் கோடாகவே இருந்தது, சூடான மூலை எங்கோ, தண்ணீர் எங்கோ. இப்போது எஃகுத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, கேவிட்டியின் வளைவையே பின்தொடர்ந்து போகும் பாதையோடு இன்செர்ட்டைச் செய்ய முடிகிறது. முழு டையையும் அப்படிச் செய்வதில்லை, தொல்லை தரும் இடத்துக்கு மட்டும்.

கார் அடிப்பாகத்தையே ஒரே ஷாட்டில் வார்க்கிறார்களாமே, உண்மையா?
— வாசகர்

உண்மைதான். டெஸ்லா 2020ல் மாடல் ஒய் காரின் பின் அடிப்பாகத்துக்கு 6000 டன் வகை மெஷினை இறக்கியது, சுமார் 70 தகட்டுப் பாகங்களை வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக ஒன்றிரண்டு வார்ப்பு. எனக்கு அந்த டன்னைவிட அலாய்தான் பெரிய சங்கதி. அவ்வளவு பெரிய மெல்லிய பொருளைச் சூடாக்கித் தண்ணீரில் குளிப்பாட்டினால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அதனால் ஹீட் ட்ரீட்மெண்ட்டே இல்லாமல் மோதலைத் தாங்குகிற அலாய் வேண்டும். சாதாரண டை காஸ்டிங் அலாயில் டையோடு ஒட்டாமலிருக்க ஒரு சதவீதம் போல இரும்பு இருக்கும், அது ஊசி ஊசியாகப் படிந்து பொருளை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். இந்த வகை அலாயில் இரும்பைக் குறைத்து அந்த வேலையை மாங்கனீஸுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மூலையில் அடிபட்டால் பழுது பார்ப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது, ஒரு தகட்டை மட்டும் மாற்றுகிற பழைய சுகம் இதில் இல்லை.

உலையில் இங்காட் (அலுமினியக் கட்டி) போட்டதும் வெடித்துச் சிதறியது. யாருக்கும் பெரிய காயமில்லை. இங்காட் காய்ந்துதான் இருந்தது என்கிறார்கள்.
— ஷிஃப்ட் பொறுப்பாளர்

கண்ணுக்குக் காய்ந்திருக்கும். இங்காட்டில் உறையும்போது விழுந்த குழிகளும் வெடிப்புகளும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த இரவில் பனித்தாலே போதும். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது, அது உலோகத்துக்கு அடியில் நடந்தால் மேலே உள்ளது எல்லாம் பறக்கும். உலை விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், கசடு எடுக்கும் கரண்டியும் அப்படித்தான். துருப்பிடித்த கரண்டி வேண்டவே வேண்டாம், துருவுக்கும் உருகிய அலுமினியத்துக்கும் தனிப் பகை உண்டு. மெக்னீசியம் ஓட்டுகிற இடமென்றால் தீப்பிடித்ததும் தண்ணீர் வாளியைத் தூக்குகிற கையை முதலில் தட்டிவிடுங்கள்.

தாத்தா காலத்து உலோக பொம்மைக் கார் ஒன்று அலமாரியில் இருந்தது. யாரும் தொடவில்லை, தானாகவே வெடித்து உதிர்கிறது. பூச்சியா?
— ஒரு வாசகி

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரே ஜிங்க் பூச்சி என்றுதான், ஆனால் பூச்சி கிடையாது. ஜிங்க் அலாயில் ஈயம், டின், காட்மியம் துளி அளவு கலந்துவிட்டாலும், ஈரக் காற்று பட்டுப் பட்டு உலோக மணிகளின் நடுவே அரிப்பு ஓடும். பொருள் வீங்கும், வெடிக்கும், பொடியாகும். 1930களின் டிங்கி பிராண்ட் பொம்மைகளில் இது பிரசித்தம். 1929ல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் கொண்டுவந்த ஜமாக் அலாய்கள் 99.99 சதவீதம் சுத்தமான ஜிங்கை வைத்து, கூடவே இம்மியளவு மெக்னீசியம் சேர்த்து இதை அடக்கின. இன்றைக்கும் ஜிங்க் பானையில் சால்டர் (ஈயம், டின் கலந்த பற்றாசு) ஒட்டிய ஸ்கிராப்பைத் தூக்கிப் போடுகிற ஆள் ஒருவர் இருந்தால் அதே வியாதி திரும்பி வரும், பொருள் கடைக்குப் போய் வருடங்கள் கழித்து.

பக்கத்துப் பொம்மைக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம். ஆனால் மருந்தும் இல்லை, பசை போட்டு ஒட்டினால் பசைக்குப் பக்கத்தில் வெடிக்கும். ஈரமில்லாத, சூடேறாத இடத்தில் வைத்தால் உதிர்வது மெதுவாகும். சக்கரமும் டயரும் வேறு பொருளாக இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், அவை நல்லபடி இருக்கும். உடல் முழுதாக இருக்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து, ஸ்கேலை வைத்து அளவும் குறித்துக்கொண்டால், யாராவது ஒரு நாள் அதே வடிவத்தை வேறு உலோகத்தில் வார்த்துத் தர முடியும்.